நெளிச்சி வாயை மூடின கதை

ஒரு ஊர்ல ஒரு நூலு. இரு, தப்பாச் சொல்லிட்டேன். ஒரு நூலுக்குள்ள ஒரு ஊரு. சிரிக்காத அம்மணி, நெசமாத்தான் சொல்றேன். முதல்ல காலை ஆட்டாமப் படு. மத்தியானம் பூரா தூங்கிப்போட்டு இப்ப அத்தை உசுரை வாங்குறே. எனக்கும் கண்ணு எரியுது. நீ ம் சொல்லிட்டே வரோணும், ம் சொல்லலைன்னா நான் அங்கயே நிறுத்திப்போடுவேன். சரியா? ம். அப்படித்தான்.

கோத்தகிரிக்கு மேல ஒரு சரிவு. அங்க ஒரு தைலமரம். மரம்னு சொல்லப்படாது, கன்னு. உன்ர இடுப்பு உசரந்தான் இருக்கும். அந்தக் கன்னோட வேரைச் சுத்தி, மண்ணுக்குள்ள, வெள்ளை வெள்ளையா நூலு. மழை பெஞ்சா மரத்தடியில காளான் முளைக்குதில்ல, குடை பிடிச்சுட்டு? அது சும்மா வெளிய வந்து தலை காட்டிட்டுப் போற ஆளு. காளானோட உடம்பு பூராம் மண்ணுக்குள்ளதான் கெடக்கும், நூலு நூலா. உன்ர தலைமுடியில ஒண்ணை எடுத்து நீளவாக்குல கீறி, கீறினதை மறுபடியும் கீறினா எவ்வளவு மெல்லிசு வரும், அவ்வளவு மெல்லிசு. அதுல ஒரு நூலுக்குள்ளதான் நம்ம ஊரு. பேரு நூலூரு.

நூலூரு ரயிலு மாதிரி இருக்கும். பெட்டி பெட்டியா அறைங்க. அறைக்கும் அறைக்கும் நடுவுல ஒரு சுவரு. சுவத்துக்கு நட்டநடுவுல ஒரு ஓட்டை. இக்கட்டால, அதான் இந்தப் பக்கம், கடைசி போயி மரத்தோட வேர்ல முட்டும். அக்கட்டால கடைசி மண்ணுக்குள்ள முன்னால முன்னால வளந்துட்டே போகும். அதைத்தான் நுனின்னு சொல்லுவாங்க.

அந்த ஊர்ல குடியிருக்கறவங்க முக்காவாசிப் பேரு பைங்க. தண்ணிப் பை. வேருக்குப் பக்கத்துல இருக்கறவங்க குண்டு குண்டா, உருண்டையா, உக்காந்த எடத்தை விட்டு நகரமாட்டாங்க. நுனிக்குப் போகப் போக ஒல்லி ஒல்லியா, குழாய் குழாயா. இவங்களை ஒரு எடத்துல நிக்கச் சொன்னா நிக்கமாட்டாங்க. நீளுவாங்க, சுருங்குவாங்க, நெளிவாங்க. அறைக்குள்ள நெடுக கம்பி கட்டியிருக்கும், அதைப் பிடிச்சுட்டு சர்ருனு போவாங்க, சர்ருனு வருவாங்க. யாரை மாதிரி? ஆங், உன்னையே மாதிரி.

அவங்களுக்கு என்ன வேலைன்னா, மண்ணுல உப்பு இருக்குதில்ல? நம்ம சோத்துல போடற உப்பு இல்ல, மரம் திங்கற உப்பு. நுனியில இருக்கறவங்க அதைப் பொறுக்கி மணி மணியா உருட்டி வேருக்கு அனுப்போணும். மரத்துக்கு அந்த உப்பு இல்லைன்னா எலை விடாது. மரம் என்ன பண்ணும்னா, வெயில்ல நின்னு சக்கரை பண்ணி வேர் வழியா இவங்களுக்குக் குடுக்கும். உப்பு அக்கட்டயிருந்து இக்கட்ட, சக்கரை இக்கட்டயிருந்து அக்கட்ட. ஒண்ணு நின்னா இன்னொண்ணும் நின்னுபோகும். வெளங்குச்சா? ம்.

ஆனா மூட்டையைத் தலையில தூக்கிட்டு யாரும் நடக்கறதில்ல அங்க. ஒரு பை கையை நீட்டும். அடுத்த அறையில இருக்கற பை ஓட்டை வழியாக் கையை நீட்டும். ரெண்டு கையும் தொட்டுச்சுன்னா, தொட்ட எடத்துல தோலு கரைஞ்சு ரெண்டு பேரும் ஒரே ஆளு ஆயிருவாங்க. அப்போ இவகிட்ட இருக்கறது அவளுக்குப் போகும். குளுக். குளுக். குளுக். அப்புறம் படக்னு பிரிஞ்சு அவங்கவங்க வேலையைப் பாப்பாங்க. ஒண்ணா இருக்கற அந்தச் சித்த நேரம் இவ பசி அவளுக்குத் தெரியும், அவ பயம் இவளுக்குத் தெரியும். ஒண்ணையும் ஒளிச்சு வைக்க முடியாது. ஊருன்னா அப்படி ஒரு ஊரு.

அந்த ஊர்ல அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. தங்கச்சி பேரு பொதிச்சி, நுனி அறையில உப்புப் பொதி கட்டறவ. பேசமாட்டா. வேலை உண்டு தானுண்டுன்னு இருப்பா. அக்கா பேரு நெளிச்சி, அதுக்கு அடுத்த அறை. தங்கச்சிகிட்ட உப்பை வாங்கிப் பின்னால அனுப்பறது, பின்னால இருந்து வர்ற சக்கரையைத் தங்கச்சிக்குத் தள்ளறது, இதான் அவ வேலை. நெளிச்சிக்கு வாயும் நிக்காது, உடம்பும் நிக்காது. காலையில ஆரம்பிச்சா லொடலொடலொடன்னு பேசிட்டே இருப்பா. தங்கச்சி ஏதாச்சும் சொல்ல வாயெடுத்தா, அதுக்குள்ள இவ அதுக்குப் பதிலும் சொல்லி முடிச்சிருப்பா. ஆனா பாசத்துக்குக் குறைச்சல் இல்ல. தங்கச்சி கொஞ்சம் சுருங்கிக் கெடந்தாப் போதும், தனக்கு வந்த சக்கரையையும் சேத்து அந்தப் பக்கம் தள்ளி விட்டுருவா.

இவங்க ரெண்டு அறைக்கும் நடுவுல இருக்கற ஓட்டைக்குப் பக்கத்துல ஒருத்தன் உக்காந்திருப்பான். தக்கையண்ணன். கெட்டியான ஆளு, பாட்டிலுக்கு அடைக்கிற தக்கை மாதிரி. அவனுக்கு ஒரே ஒரு வேலைதான். வெளிய மண்ணுல புழு திரியுது பாரு, அது நூலைக் கறுக்னு கடிச்சுச்சுன்னா, கடிச்ச அறையில இருக்கற தண்ணி, உப்பு, பை எல்லாம் கடகடன்னு வெளிய ஓடிப்போகும். விட்டா அடுத்த அறையும் ஓடும், அதுக்கடுத்த அறையும் ஓடும், ஊரே காலியாயிரும். அதனால, ஒரு அறை உடைஞ்ச உடனே தக்கையண்ணன் எந்திரிச்சு ஓட்டையில போயி டப்னு அடைச்சுக்கோணும். அடைச்சுட்டா அடைச்சதுதான். அவனால வெளிய வரவும் முடியாது. தெரிஞ்சேதான் அந்த வேலைக்கு உக்காந்திருக்கான்.

அவங்கண்ணன் ஒருத்தன் முன்ன வேற நூல்ல இதே வேலை பாத்தவன். ஒரு தடவை கொஞ்சம் கண்ணசந்துட்டான். அவ்வளவுதான், அந்த நூலே போச்சு. அதுல இருந்து நம்ம தக்கையண்ணனுக்குத் தூக்கமே கெடையாது. காதைத் தீட்டிட்டே உக்காந்திருப்பான். யாராச்சும் இருமினாக்கூட, என்ன, என்னன்னு எந்திரிப்பான். பாவம்.

இப்ப கேளு. நாம வெளிய கெளம்பறப்ப 'போறேன்'னு சொல்றமா? சொல்லமாட்டமில்ல, 'வர்றேன்'னுதான் சொல்லுவோம். அந்த மாதிரி நூலூர்லயும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. 'ஓடுது'ன்னு சொல்லக்கூடாது. சரக்கு நல்லாப் போயிட்டிருந்தா 'போகுது'ன்னு சொல்லலாம், 'வருது'ன்னு சொல்லலாம். 'ஓடுது'ன்னா அறை உடைஞ்சு எல்லாம் ஓடுதுன்னு அர்த்தம். வெளையாட்டுக்குக்கூடச் சொல்லமாட்டாங்க. ம் சொல்லு.

அந்த வருசம் மழை பொய்ச்சுப்போச்சு. மண்ணு காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது. காஞ்ச மண்ணுல உப்பு எங்க கரையும்? நுனி நகரவே இல்ல. உப்புப் போகலைன்னதும் வேரு சக்கரையைக் குறைச்சுது. நாளாக நாளாக இன்னும் குறைச்சுது. பைங்க எல்லாம் சுருங்கி வத்தலாட்டம் ஆயிட்டாங்க. நெளிச்சிக்கு இருப்புக் கொள்ளல. கம்பியைப் பிடிச்சுட்டு அக்கட்ட ஓடறா, இக்கட்ட ஓடறா, தங்கச்சியை எட்டிப் பாக்கறா, மறுபடியும் ஓடறா. "பொதிச்சி, இருக்கியா? இருக்கியா பொதிச்சி?" "இருக்கேன்க்கா." இதேதான் பொழுதன்னைக்கும்.

அப்புறம் ஒரு நாள் மேல இடி இடிச்சுது. கடமுட கடமுட. பெஞ்சுது பாரு மழை, சோன்னு பெஞ்சுது. மண்ணு நனைஞ்சுது, நூலு உப்புச்சு, நுனி மறுபடியும் வளர ஆரம்பிச்சுது. வளந்து போயி எங்க முட்டுச்சு தெரியுமா? எப்பவோ ஒரு காட்டுமாடு செத்துக் கெடந்திருக்குது அந்தச் சரிவுல. அதோட எலும்பு, மண்ணோட மண்ணா மக்கிக் கெடக்குது. எலும்பு பூராம் உப்பு. பொதிச்சி கட்டுனா பாரு பொதி, மணி மணியா, வயிறு கொள்ளாம. கட்டிட்டுக் கையை ஓட்டை வழியா நீட்டுனா. நெளிச்சி பிடிச்சா. தோலு கரைஞ்சுது, ரெண்டும் ஒண்ணாச்சு. குளுக். குளுக். குளுக். எத்தனை நாள் கழிச்சு உப்பு வருது, நெளிச்சிக்குத் தலைகால் புரியல. படக்னு பிரிஞ்ச கையோட, பின்னால இருக்கற ஊருக்கெல்லாம் கேக்கற மாதிரி கத்துனா.

"ஓடுது, ஓடுது, பாருங்க, எப்படி ஓடுதுன்னு பாருங்க."

தக்கையண்ணன் அதுக்கப்புறம் எதையும் கேக்கல. எந்திரிச்சான். ஓட்டையில போயி, டப்.

என்ன அம்மணி, ம்மே காணோம்? முழிச்சுட்டுத்தான் இருக்கியா? சரி. போர்வையை எதுக்கு உதைக்கிறே, அது என்ன பண்ணுச்சு உன்னை?

அப்போ நெளிச்சி திரும்பிப் பாத்தா, ஓட்டையக் காணோம். சுவரு மாதிரி அடைச்சுக் கெடக்குது. ஒரு நிமிசம் அவளுக்கு என்ன நடந்துச்சுன்னே வெளங்கல. அப்புறம் வெளங்குச்சு. தங்கச்சி அந்தப் பக்கம். வழி ஒண்ணே ஒண்ணுதான், அது அடைஞ்சுபோச்சு. இனிச் சக்கரை போகாது. அவ கையில உப்பு எவ்வளவு இருந்தா என்ன, உப்பைத் தின்னு உசுரு வாழ முடியுமா? நுனி அறை கொஞ்சங்கொஞ்சமா வத்தும். வத்தி, சுருங்கி, அப்புறம் அந்த அறையே இருக்காது. அதுக்குக் காரணம் யாரு? தன்ர வாயி. வேற யாருமில்ல.

முதல்ல என்ன பண்ணுனா? தக்கையண்ணன்கிட்டயே போனா. போயி மொத்து மொத்துன்னு மொத்துறா. "அண்ணா, வெளிய வா. ஒண்ணும் உடையல. வெளிய வாண்ணா."

"நீதானே ஓடுதுன்னு சொன்னே?"

"சரக்கு ஓடுதுன்னு சொன்னேண்ணா. உப்பு. உப்பு வந்துச்சு, அந்தச் சந்தோசத்துல சொல்லிப்போட்டேன்."

தக்கையண்ணன் மெதுவாக் கேட்டான், "அப்ப அந்தப் பக்கம் உங்க தங்கச்சி நல்லாத்தான் இருக்குதா?"

"நல்லாத்தான் இருந்தா, நீ அடைக்கற வரைக்கும்."

அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது அவ. ஆத்திரத்துல சொல்லிட்டா. தக்கையண்ணன் உள்ளுக்குள்ளயே மூச்சைப் பிடிச்சு ஒடம்பைச் சுருக்கப் பாத்தான். இந்தப் பக்கம் திரும்பப் பாத்தான், அந்தப் பக்கம் திரும்பப் பாத்தான். முக்குறான், முனகுறான். கடுகளவுகூட அசையல. "முடியல தாயி"ன்னு அழுதான். பெரிய ஆளு அழுதா எப்படி இருக்கும், பாக்கச் சகிக்காது. நெளிச்சிக்கும் அழுகை வந்துருச்சு. ஆனா அழுதுட்டு உக்காந்திருக்க அவளுக்கு நேரமில்ல.

ரெண்டாவதா எங்க போனா? சர்ருனு கம்பியைப் பிடிச்சுட்டு அறை அறையாத் தாண்டிப் பின்னால போனா. வேருக்குப் பக்கத்துல ஊருக்கே தாத்தா, பானையப்பாரு இருக்காரு. அறை முழுக்க அவரே இருப்பாரு, அவ்வளவு பெரிய பை. ஊர்ல இருக்கற தண்ணியில பாதி அவரு வயித்துலதான்.

"அப்பாரு, அப்பாரு, நீங்க மூச்சை இழுத்துத் தள்ளுனீங்கன்னா தக்கையண்ணன் அந்தப் பக்கம் போயி விழுந்துருவான். தள்ளுங்கப்பாரு. சீக்கிரம் தள்ளுங்க. ஏன் இன்னும் தள்ளல?"

"என்னைப் பேச விடுறியா நீ? தள்ளறேன், நகரு."

பானையப்பாரு வேர்ல இருந்து தண்ணியை இழுத்தாரு. உப்புனாரு. இன்னும் உப்புனாரு. தம் கட்டித் தள்ளுனாரு. ஊரே விம்முச்சு. சுவரெல்லாம் கிறீச் கிறீச்னு கத்துச்சு. கம்பியெல்லாம் தெறிச்சுரும் போல ஆடுச்சு. நெளிச்சி ஓட்டைகிட்ட ஓடிப் போயிப் பாத்தா, தக்கையண்ணன், "நெரியுது, நெரியுது"ங்கறான். தள்ளத் தள்ள அவன் இன்னும் உள்ள போயி இறுகிட்டான். முன்னயாச்சும் ஓரத்துல ஒரு மயிரிழை எடம் இருந்துச்சு, இப்ப அதுவும் போச்சு.

"நிறுத்துங்கப்பாரு."

பானையப்பாரு மூச்சை விட்டாரு. "அவனை அதுக்குத்தான் செஞ்சு வெச்சிருக்குது. நாம தள்ளத் தள்ள நல்லா உக்காருவான். எனக்கே இப்பத்தான் ஞாபகம் வருது"ன்னாரு. அவரைச் சொல்லி என்ன பண்ண.

இதுக்குள்ள மேல மழை விட்டுருச்சு. ஈரம் கொஞ்சங்கொஞ்சமாக் கீழ எறங்கிட்டு இருக்குது. மண்ணு காஞ்சுபோச்சுன்னா அப்புறம் நுனி அறை தாங்காது. நெளிச்சிக்குத் தெரியும். அவளால ஒரு எடத்துல இருக்க முடியல. அறைக்குள்ளயே சுத்தறா. இந்தச் சுவத்துல முட்டறா, அந்தச் சுவத்துல முட்டறா. அப்புறம் பக்கச் சுவத்துல ஒரே எடத்துல டொக்கு டொக்கு டொக்குன்னு மண்டையை முட்டிட்டே நின்னா. வேணும்னு பண்ணல, கவலையில என்ன பண்றதுன்னு தெரியாம பண்ணுனா. முட்ட முட்ட அந்த எடம் எளகுச்சு. தொட்டுப் பாத்தா, இட்டிலி மாதிரி மெத்துனு இருக்குது.

நெளிச்சி நின்னா. "அட"ன்னா.

ஓட்டை வழியாப் போக முடியலைன்னா என்ன, சுவரையே கையா நீட்டிட்டுப் போனா என்ன? பக்கத்துல ஒரு கிளை விட்டு, மண்ணுக்குள்ள போயி, சுத்தி வளைஞ்சு, நுனி அறையோட வெளிச்சுவத்துல போயி முட்டுனா? மூணாவதா அவ பண்ணுனது இதுதான்.

"அப்பாரு, இப்பத் தள்ளுங்க"ன்னா. பானையப்பாரு தள்ளுனாரு. எளகுன எடம் மொட்டு மாதிரி வெளிய புடைச்சுது. ஊர்ல கம்பி கட்டறதுக்குன்னே சின்ன ஆளுங்க உண்டு, அவங்க ஓடி வந்து புது எடத்துக்குக் கம்பி கட்டுனாங்க. சுவரு பூசற ஆளுங்க சாந்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாக் கொண்டாந்து முன்னால கொட்டுனாங்க. நெளிச்சி அதுக்குள்ள தன்னை நீட்டுனா. ஒரு முனை பழைய அறையில தக்கையண்ணனுக்குப் பக்கத்துல, இன்னொரு முனை புதுக் கிளையோட நுனியில. அப்படி நீண்டா. மொறுமொறுன்னு மண்ணு. ஒரு மணல், அதைச் சுத்திக்கிட்டா. இன்னொரு கல்லு, அதுக்கு அடியில போனா. அம்மணி, மண்ணுக்குள்ள வெளிச்சமா இருக்குது, பாத்துப் போக? ஒண்ணும் தெரியாது. கண்ணும் கெடையாது. கூப்புட்டுத்தான் போகோணும்.

கூப்புட்டா. "பொதிச்சி, நான் வர்றேன். எங்க இருக்கே? நான் வந்துட்டே இருக்கேன். பயப்படாத. எந்தப் பக்கம் இருக்கே? சொல்லு. பொதிச்சி. பொதிச்சி. சொல்லுடி. ஏன் சொல்லமாட்டேங்கறே?"

பதிலே இல்ல. இடது பக்கம் போனா, அங்க வெறுங்கல்லு. வலது பக்கம் போனா, அங்க காஞ்ச வேரு. இன்னும் வேகமாக் கூப்புடறா, இன்னும் சத்தமாக் கூப்புடறா. செத்துப்போயிட்டாளோன்னு நெனைக்கிறா, நெனைச்ச உடனே அதை மறைக்கறதுக்கு இன்னும் ரெண்டு மடங்கு பேசறா. பதிலே இல்ல.

அப்போ பழைய அறையில இருந்து தக்கையண்ணன், "நெளிச்சி"ன்னான்.

"என்ன?"

"எனக்கு ஒரு பக்கம் உன்ர அறையில இருக்குது, இன்னொரு பக்கம் உங்க தங்கச்சி அறையில இருக்குது. ரெண்டு பக்கமும் எனக்குக் கேக்குது. உங்க தங்கச்சி பேசிட்டுத்தான் இருக்குது."

"பேசறாளா? உசுரோட இருக்காளா? எனக்குக் கேக்கலியே."

"எப்படிக் கேக்கும்? நீயும் பேசறே, அதுவும் பேசுது. ரெண்டும் ஒண்ணா மோதிட்டு நிக்குது. நீ சித்த நேரம் நிறுத்துனா அதோடது உனக்கு வரும். நீதான் நிறுத்தவே மாட்டேங்கறியே தாயி."

"அவ என்ன சொல்றா?"

தக்கையண்ணன் கொஞ்சம் தயங்குனான். "அது எனக்குச் சரியாப் பிடிபடல. நீயே கேட்டுக்கோ"ன்னான். அவனுக்குப் பிடிபட்டுச்சா இல்லியான்னு எனக்கும் தெரியாது.

நெளிச்சி வாயை மூடுனா.

உனக்கு வெளையாட்டாத் தெரியும் அம்மணி. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பொறந்ததுல இருந்து மூடாத வாயி. மூடுன உடனே உள்ளுக்குள்ள எல்லாம் முட்டுது. கை நெளியுது, காலு நெளியுது, அடக்கறா. ஒண்ணுமே இல்லாம இருட்டா இருக்குது. ஒண்ணுமே கேக்கல. அப்புறம் ஒண்ணு கேட்டுச்சு. சர. சர. சர. அது தங்கச்சி இல்ல. புழு. பக்கத்துலயே போகுது. இவ்வளவு நேரம் அவ போட்ட சத்தத்துக்கு அது தேடிட்டு வந்திருக்குது. சர. சர. மோந்து பாக்குது. கிளையோ புதுசு, சுவரோ எளசு, ஒரு கடி கடிச்சா அவ்வளவுதான். நெளிச்சி அசையல. ஒரு நெளிவுகூட நெளியல. சர... சர... சர... போயிருச்சு.

ம்ங்கற சத்தம் ரொம்பச் சின்னதா வருதே. சரி, சரி. இன்னும் கொஞ்சந்தான்.

புழு போனப்புறமும் அவ வாயைத் திறக்கல. அப்போ ரொம்பத் தூரத்துல இருந்து, கொசு பறக்கற மாதிரி, "...க்கா."

எந்தப் பக்கம்? கீழ் பக்கம். நெளிச்சி அந்தப் பக்கம் திரும்புனா. "பொதிச்சி"ன்னு ஒரே ஒரு தடவை கூப்புட்டா. கூப்புட்டதும் நிறுத்துனா. நிறுத்திட்டுக் காத்திருந்தா. "...க்கா." கொஞ்சம் முன்னால போனா. கூப்புட்டா, நிறுத்துனா. "...தக்கா." இன்னும் கொஞ்சம். இவ ஒரு தடவை, அவ ஒரு தடவை. இவ பேசுனா அவ கேக்கறா, அவ பேசுனா இவ கேக்கறா. அக்காளும் தங்கச்சியும் பொறந்ததுல இருந்து அன்னைக்குத்தான் ஒழுங்காப் பேசிக்கிட்டாங்க, பாத்துக்கோ. ஆனா சத்தம் ஒவ்வொரு தடவையும் மெலிஞ்சுட்டே வருது. நெளிச்சிக்கு ஓடோணும் போல இருக்குது. ஓடுனா தப்பான பக்கம் போயிருவா. பொறுத்து, பொறுத்து, கேட்டுக் கேட்டுப் போனா.

அப்புறம் நுனி எதுலயோ மெத்துனு பட்டுச்சு. கல்லு இல்ல. வேரு இல்ல. நுனி அறையோட சுவரு. உள்ளயிருந்து யாரோ அதே எடத்துல மெதுவா முட்டறாங்க, டொக்கு, டொக்கு. வெளிய இவ முட்டறா. ரெண்டு பக்கமும் எளகுச்சு. சுவரு கரைஞ்சுது. கையோட கை பட்டுச்சு. தோலு கரைஞ்சுது.

ஒண்ணாயிட்டாங்க.

நெளிச்சிக்கு முதல்ல வந்தது உப்பு இல்ல, பசி. அவ்வளவு பசியை அவ பாத்ததே இல்ல. தங்கச்சி காத்தாட்டம் ஆயிட்டிருக்கா, தோலு மட்டுந்தான் மிச்சம். அந்த நெலமையிலயும் கட்டுன பொதியை விடாமக் கட்டிக்கிட்டுக் கெடக்கறா. நெளிச்சி தன்கிட்ட இருந்த சக்கரையெல்லாம் தள்ளுனா. குளுக். குளுக். குளுக். பின்னாலயிருந்து பானையப்பாரு தள்ளுனாரு. பொதிச்சி மெல்ல மெல்ல உப்புனா, உருண்டா, அசைஞ்சா. அப்புறம் அக்கட்டயிருந்து உப்பு இக்கட்ட வர ஆரம்பிச்சுது, கிளையைச் சுத்தி, பழைய அறைக்கு, அடுத்த அறைக்கு, வேருக்கு. வேரு சக்கரைக் கதவை நல்லா அகலமாத் திறந்து விட்டுச்சு. தக்கையண்ணன் இன்னமும் அந்த ஓட்டையிலதான் இருக்கான். இந்தப் பக்கம் நெளிச்சி சக்கரையில கொஞ்சம் அவன் மேல தடவிட்டுப் போவா, அந்தப் பக்கம் பொதிச்சி தடவிட்டுப் போவா. "எனக்கு எதுக்கு தாயி இதெல்லாம்"பான். ஆனா திம்பான்.

அதெல்லாம் அப்புறம். அன்னைக்கு ரெண்டு பேரும் படக்னு பிரியல. பிரியாமயே இருந்தாங்க ரொம்ப நேரம். பொதிச்சிதான் முதல்ல பேசுனா.

"ஏன்க்கா வந்தே? வெளிய புழு திரியற சத்தம் எனக்குக் கேட்டுட்டே இருந்துச்சு. நீ வெளிய வர்றது தெரிஞ்சதுல இருந்து நான் கத்திட்டே இருந்தேன். வராதக்கா, வராதக்கான்னு. உனக்குக் கேக்கவே இல்லியா?"

தங்கச்சி முழுசாச் சொல்லி முடிச்சப்புறந்தான் நெளிச்சி பேசுனா.

"கேட்டுச்சு சாமி. எனக்கு அக்கான்னு கூப்புட்டது மட்டுந்தான் கேட்டுச்சு."

அவ்வளவுதான். கதை வேருக்குப் போயிச் சேந்துருச்சு. நீயும் போயிச் சேரு, தூங்கு.